ஓர் எழுத்து, பல ஒலிகள்: சூரியனைக் குறிக்கும் கான்ஜி

ஜப்பானில் ஒன்றாம் வகுப்பிலேயே சொல்லித்தரும் 80 கான்ஜிகளில் (சீனாவிலிருந்து வந்த ஜப்பானிய எழுத்துகள்) 日 என்ற இந்த எழுத்தும் ஒன்று. சூரியன், நாள் என்று இரு பொருளிலும் வரும். நாட்டின் பெயரான 'நிஹொன்' தொடங்குவதும் இதில்தான்.

படி 1: எழுதுங்கள்

பழைய சீன எழுத்தில் வட்டமும் நடுவில் ஒரு புள்ளியுமாக இருந்த சூரியப் படம், இன்று உயரமான செவ்வகமும் நடுவில் ஒரு கிடைக்கோடுமாக மாறிவிட்டது. மொத்தம் 4 கோடுகள். முதலில் இடப்பக்கக் கோட்டை மேலிருந்து கீழே இழுங்கள். அடுத்து மேல்கோடு; வலது மூலைக்கு வந்ததும் பேனாவை எடுக்காமல் அப்படியே கீழே இறக்க வேண்டும். அப்புறம் நடுக்கோடு, கடைசியாக அடிக்கோடு. உள்ளே இரண்டு கோடு போட்டால் 'கண்' என்று பொருள்படும் வேறு எழுத்தாகிவிடும், கவனம்.

படி 2: சொல்லோடு படியுங்கள்

சொல்லுக்கேற்ப இந்த எழுத்தின் ஒலி மாறும்: நிச்சி, ஜிட்சு, ஹி, பி, கா. இந்த ஒலிகளைப் பட்டியலாக மனப்பாடம் செய்வது வீண் வேலை என்பேன். 'நிச்சியோபி' என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை என்று பொருள். மூன்று எழுத்துள்ள இந்தச் சொல்லின் தொடக்கத்திலும் முடிவிலும் நம் எழுத்துதான்: முதலில் 'நிச்சி', கடைசியில் 'பி' ('தம்பி'யில் வரும் பி). நம் ஞாயிறும் சூரியன்தானே! அடுத்த நாளுக்கு அவர்களும் நிலவின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

விடுமுறை நாள் 'க்யூஜிட்சு', சூரிய உதயம் 'ஹினோதே'. இன்று என்பதற்கான 'க்யோ'வை எழுதும் இரண்டு எழுத்துகளில் நம் எழுத்தும் உண்டு, ஆனால் இந்த ஒலிகள் எதுவும் இல்லை. அங்கே இரண்டு எழுத்துக்கும் சேர்த்து ஒரே ஒலி, பிரித்துப் பார்க்காதீர்கள்.

படி 3: தேதிகள்

சிக்கலே இங்கேதான். மாதத்தின் முதல் தேதி 'ட்சுயிதாச்சி'; 'ஒன்று' என்ற எழுத்தையும் நம் எழுத்தையும் சேர்த்து எழுதுவார்கள். அதே இரு எழுத்துகளை 'இச்சினிச்சி' என்று படித்தால் 'ஒரு நாள்' என்ற கால அளவு. எது என்பதை வாக்கியம்தான் சொல்லும். 2 முதல் 10 வரை 'கா' என்று முடியும்: ஃபுட்சுகா, மிக்கா, யொக்கா... 11 முதல் எண்ணோடு 'நிச்சி' சேர்த்தால் போதும். ஆனால் 14, 24 இரண்டும் 'யொக்கா' என்று முடியும்; 20 மட்டும் தனியாக 'ஹட்சுகா'.

4ஆம் தேதி 'யொக்கா', 8ஆம் தேதி 'யோகா'. காதில் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே விழும். யாராவது தேதி சொன்னால் விரலைக் காட்டிக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.