வட கர்நாடகத்துச் சோள ரொட்டி: கோதுமை மாவு சேர்க்காமல் தட்டும் முறை

விஜயபுரா, பாகல்கோட், கலபுரகி, தார்வாட் பகுதி வீடுகளில் அன்றாட உணவாக இருக்கும் ஜோளத ரொட்டிக்குச் சோள மாவும் கொதிநீரும் போதும். உப்புகூட அவரவர் விருப்பம்தான். இதே ரொட்டியை மகாராஷ்டிரத்தின் சோலாப்பூர்ப் பக்கம் ஜ்வாரி பாக்ரி என்கிறார்கள். முதன்முதலில் செய்து பார்ப்பவர்களுக்கு ஓரம் வெடிப்பதும் கையில் எடுக்கும்போதே உடைவதும் நேர்வதால், பாதிக்குப் பாதி கோதுமை மாவு கலக்கச் சொல்லும் குறிப்புகள் பெருகிவிட்டன. அப்படிக் கலந்தால் சோளத்தின் மணமும் போய்விடும், கோதுமையில் உள்ள குளூட்டன் என்னும் புரதம் ஒவ்வாதவர்களுக்கு அது உதவாமலும் போகும். மாவு புதிதாக இருந்து, தண்ணீர் கொதித்து, கை நன்றாகப் பிசைந்தால் சோளம் தனியாகவே ரொட்டியாக நிற்கும்.

மாவிலிருந்து தொடங்குவோம். வேண்டியது வெள்ளைச் சோளம். மக்காச்சோள மாவு இதற்கு ஆகாது. ராபி எனப்படும் குளிர்காலச் சாகுபடிப் பருவத்தில் கரிசல் மண்ணில் விளையும் மால்தண்டி வகையையே அந்தப் பகுதியினர் ரொட்டிக்குத் தேடி வாங்குகிறார்கள். சோலாப்பூர் மாவட்டத்து மங்களவேடா சோளம் புவிசார் குறியீடும் பெற்றது. நம் ஊரில் கிடைக்கும் வெள்ளைச் சோளத்தை மில்லில் நைஸாக அரைத்துக்கொண்டாலும் ரொட்டி நன்றாகவே வரும். அரைத்த சூட்டோடு டப்பாவில் அடைக்காமல் பரப்பி ஆறவிட்டு, இரண்டு மூன்று வாரத்துக்குள் தீர்ந்துவிடும் அளவுக்கு மட்டும் அரைப்பது நல்லது. நாள்பட்ட மாவு ஒட்டும் தன்மையை இழந்து இலேசாகக் கசக்கத் தொடங்கும், பிறகு எவ்வளவு பிசைந்தாலும் விரிசல் விடும். பாக்கெட் மாவைவிட மில் மாவையே நான் பரிந்துரைப்பதற்குக் காரணம் இதுதான். குளூட்டன் ஒவ்வாதவர் வீட்டில் இருந்தால், கோதுமை அரைத்த இயந்திரத்தில் அப்படியே சோளத்தையும் போட அனுமதிக்காதீர்கள்.

இரண்டு கப் மாவுக்கு ஒன்றரை கப் தண்ணீரை அளந்து வைத்து, அரை கப் மாவைத் தனியே எடுத்து வையுங்கள். தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் அடுப்பை அணைத்து, மீதமுள்ள ஒன்றரை கப் மாவைக் கொட்டிக் கரண்டிக் காம்பால் கிளறி, பத்து நிமிடம் மூடி வைக்க வேண்டும். கோதுமை மாவை இழுத்துப் பிடிக்கும் குளூட்டன் சோளத்தில் இல்லாததால், அந்த வேலையை வெந்து பசையாகும் மாவுச்சத்துதான் செய்தாக வேண்டும். அது நன்றாக வேகச் சுமார் 70 டிகிரிக்கு மேற்பட்ட சூடு தேவைப்படுகிறது. கை பொறுக்கும் வெந்நீர் அந்தச் சூட்டை எட்டாது என்பதால், தண்ணீரைக் கட்டாயம் கொதிக்கவிட வேண்டும்.

பொறுமையாகச் செய்ய வேண்டியது அடுத்து வரும் பிசைதல். நானும் அதிக நேரம் செலவிட்டுப் புரிந்துகொண்ட படி இதுதான். மூடியைத் திறந்து, எடுத்து வைத்த மாவைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, சூடு தணியும் முன்பே எல்லாவற்றையும் ஒன்றாகத் திரட்டிக்கொள்ளுங்கள். அத்துடன் பிசைந்தாயிற்று என்று நினைத்து உருண்டை பிடித்தால் ஓரம் கட்டாயம் வெடிக்கும். திரட்டிய மாவை ஈரத்துணியால் மூடிவிட்டு, ஒரு ரொட்டிக்கான அளவை மட்டும் கிள்ளியெடுத்து, பலகையில் வைத்து, உள்ளங்கையின் அடிப்பகுதியால் முன்னோக்கி அழுத்தித் தேய்த்து மடித்து மீண்டும் தேய்க்க வேண்டும். கை உலரும்போதெல்லாம் வெந்நீரில் விரலை நனைத்துக்கொள்ளலாம். முதலில் சொரசொரப்பாக உதிரும் மாவு, ஒன்றிரண்டு நிமிடத்தில் வழவழப்பாகி, சப்பாத்தி மாவைவிடச் சற்றுத் தளர்ந்து நிற்கும். உருண்டையைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். ஓரம் வெடிக்காமல் அமுங்கினால் தட்டலாம், வெடித்தால் சில துளி நீர் தெளித்து இன்னும் தேய்க்க வேண்டும். ஒவ்வொரு ரொட்டிக்கும் இதை அவ்வப்போது செய்ய வேண்டுமே ஒழிய, எல்லா உருண்டைகளையும் முன்கூட்டியே பிடித்து வைத்தால் கடைசி உருண்டைகள் காய்ந்துவிடும்.

பலகையில் உலர்மாவைத் தாராளமாகத் தூவி, உருண்டையை வைத்து, ஒரு கையால் தட்டியபடியே மறு கையால் ஓரத்தை அணைத்துக்கொண்டு சுழற்றுங்கள். அடியில் மாவு போதுமான அளவு இருந்தால் ரொட்டி தானே சுழலும். கை பழகும்வரை பாதி தூரம் தட்டிவிட்டு மீதியைச் சப்பாத்திக் குழவியால் மென்மையாகத் தேய்ப்பதில் குறையொன்றும் இல்லை.

கல்லைப் பொறுத்தவரை இரும்புதான் என் தேர்வு. நான்ஸ்டிக் பாத்திரத்தை இந்த ரொட்டிக்கு வேண்டிய சூட்டுக்குக் காயவைப்பது அதன் பூச்சுக்கு நல்லதன்று. கல் நன்றாகக் காய்ந்ததும், பலகையில் பட்டிருந்த மாவுப் பக்கம் மேலே வரும்படி ரொட்டியைப் போட்டு, நனைத்த பருத்தித் துணியால் மேற்பரப்பு முழுவதும் உடனே தடவுங்கள். ஒட்டியிருக்கும் உலர்மாவை நீக்குவதோடு, மேலே மெல்லிய தோல் படியவும் இந்த ஈரம்தான் உதவுகிறது. ஈரத்தின் பளபளப்பு மங்கும் தருணத்தில் திருப்ப வேண்டும். முந்தினால் கல்லில் ஒட்டும், பிந்தினால் மேலே கீறல் விழும். மறுபக்கம் வெந்ததும் நேரடித் தீயில் காட்டினால் உள்ளிருக்கும் நீராவியால் ரொட்டி உப்பும்.

பிற்சேர்க்கை: இண்டக்ஷன் அடுப்பில் எப்படி உப்பவைப்பது என்று சிலர் கேட்டிருந்தார்கள். மூன்றாம் முறை திருப்பிய பிறகு, மடித்த துணியால் ஓரங்களை மெதுவாக அழுத்திக்கொண்டே வந்தால் நடுப்பகுதி எழும்பும். எழும்பாவிட்டாலும் இரு பக்கமும் புள்ளி விழ வெந்திருந்தால் சுவையில் குறை இராது. ஆறியதும் விறைக்கிறது என்ற கேள்வியும் வந்தது. சோள ரொட்டிக்கு அது இயல்பு. மென்மையாக வேண்டுமானால் சுட்டவுடன் துணியில் அடுக்கி மூடி வைத்து, சூட்டோடு எண்ணெகாயி என்னும் கத்தரிக்காய்க் குழம்புடன் பரிமாறுங்கள். மாறாக, மெல்லியதாகத் தட்டி, சிறு தீயில் ஈரமே இல்லாமல் காயும்வரை சுட்டு எடுத்தால் அதுவே கடக் ரொட்டி. காற்றுப் புகாத டப்பாவில் வாரக்கணக்கில் கெடாமல் இருக்கும். நிலக்கடலைச் சட்னிப் பொடியும் தயிரும் அதற்குப் போதுமான துணை.