சுகர் இருக்கவங்க டென்ஷனை எப்படி குறைக்கலாம்

டென்ஷன் ஆனா கார்டிசால், அட்ரினலின்னு டென்ஷன் ஹார்மோன் எல்லாம் ஏறும், அது கல்லீரல்ல இருக்க சர்க்கரையை ரத்தத்துக்குள்ள தள்ளிவிடும், அதனாலதான் சாப்பாட்டுல கட்டுப்பாடா இருந்தும் சில நாள் சுகர் எகிறி நிக்குது. இதுக்கு உங்களை நீங்களே திட்டிக்காதீங்க, ப்ளீஸ்.

முதல்ல நடை. சாப்பிட்டு முடிச்சதும் டிவி முன்னாடி உக்காராம 10, 15 நிமிஷம் தெருவுலயோ மொட்டை மாடியிலயோ நடங்க, சுகரும் இறங்கும் மனசும் லேசாகும். வாரத்துக்கு மொத்தம் 150 நிமிஷம் வந்தா போதும். வெறுங்கால்ல மட்டும் வேணாம், கால் மரத்துப்போனவங்களுக்கு முள்ளு குத்தினாகூட தெரியாது, வீட்டுக்கு வந்ததும் பாதத்தை, விரல் இடுக்கெல்லாம் பாருங்க.

இன்சுலின் போடுறவங்க நடக்கறதுக்கு முன்னாடி சுகர் பாத்துக்கோங்க, 100க்கு கீழ இருந்தா ஒரு வாழைப்பழமாவது சாப்பிட்டுட்டு கிளம்புங்க.

ராத்திரி படுத்துட்டு உடம்பை தளர்த்த கால் விரல்லேர்ந்து ஆரம்பிங்க, 5 செகண்ட் இறுக்கி பிடிச்சு அப்படியே விடுங்க, அப்புறம் கெண்டைக்கால், தொடை, வயிறு, கை, தோள், முகம்னு ஒவ்வொண்ணா மேல வாங்க, மூச்சை அடக்காதீங்க, வெளிய விடுற மூச்சு மட்டும் கொஞ்சம் நீளமா இருக்கட்டும். கண்ணுல சுகர் பாதிப்பு இருந்தா சிரசாசனம் மாதிரி தலைகீழா நிக்கற ஆசனம் வேணவே வேணாம்.

இன்னொண்ணு ரொம்ப முக்கியம், படபடப்பு, வேர்வை, கை நடுக்கம் வந்தா டென்ஷன்னு நினைச்சு கண்ண மூடி உக்காந்துடாதீங்க, லோ சுகராவும் இருக்கலாம். உடனே டெஸ்ட் பண்ணுங்க, 70க்கு கீழன்னா 3 டீஸ்பூன் சர்க்கரையை தண்ணில கலந்து குடிச்சிட்டு 15 நிமிஷத்துல திரும்ப பாருங்க.