பழைய நோய்களுக்குப் புதிய பெயர் சூட்டும்போது நேரும் தவறுகள்

பண்டைய கிரேக்க, ரோமானிய மருத்துவத்தைப் பற்றி எழுதுவோரை அதிகம் சறுக்கவைப்பவை நோய்ப்பெயர்களே. 'எலிபன்டியாசிஸ்' என்ற சொல்லைக் கண்டதும் யானைக்கால் நோய் என்று மொழிபெயர்த்துவிடத் தோன்றும். ஆனால் அரிடேயஸ் என்னும் மருத்துவர் அப்பெயரில் வருணிப்பது, முகம் தடித்துச் சிங்கத்தின் சாயல் கொள்வதும் விரல்கள் உதிர்வதுமான நோயை. அதாவது இன்றைய தொழுநோயை. தொழுநோய் என்று நாம் எண்ணிக்கொள்ளும் 'லெப்ரா'வோ அவர்களுக்குச் செதில் உதிரும் தோல்நோய் மட்டுமே. அவர்களுடைய 'கோலெரா'வும் கடும் வாந்திபேதியைக் குறித்ததே தவிர, 1817இல் வங்கத்திலிருந்து பரவிய காலராவை அன்று.

கி.மு. 430இல் ஏதென்ஸைத் தாக்கிய கொள்ளைநோய்க்கு ஒரே பெயரை உறுதியாகச் சூட்டுவது இதைவிடப் பெரிய தவறு. அந்நோய் கண்டு பிழைத்த வரலாற்றாசிரியர் துசிடிடீஸ், தலையில் தொடங்கும் வெப்பம், சிவந்த கண்கள், இரத்தம் படிந்த தொண்டை, மெல்லிய ஆடையைக்கூடத் தாங்காத உடல், தாகம் தாளாமல் நீர்த்தொட்டிக்குள் குதித்தவர்கள் என அனைத்தையும் எழுதிவைத்தார். காரணத்தை ஆராய்வதைப் பிறருக்கு விட்டுவிட்டார். அந்த அடக்கம் நமக்கும் வேண்டும். அக்காலப் புதைகுழி ஒன்றில் கிடைத்த பற்களின் மரபணுவைக் கொண்டு அது டைபாய்டு என்று 2006இல் வெளிவந்த ஆய்வு உடனே மறுக்கப்பட்டது. பெரியம்மை, டைபஸ், தட்டம்மை என்போரும் உள்ளனர். இங்கே அறிகுறிகளை எழுதி, பெயரை விட்டுவிடுவதே நேர்மை.

கிரேக்கரின் நான்கு உடல்நீர்களை, வளி, பித்தம், ஐயம் என்னும் நம் முக்குற்றத்தோடு அப்படியே பொருத்துவதும் பலரும் செய்யும் தவறு. இரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என்ற அந்த வரிசையில் வளிக்கு இடமில்லை. நம் சித்த மருத்துவத்திலோ செந்நீர், அதாவது இரத்தம், குற்றமன்று; ஏழு உடற்கட்டுகளுள் ஒன்று. பித்தம் என்ற சொல் இரண்டிலும் வருவதால்தான் மயக்கம் நேர்கிறது.

கிரேக்க மருத்துவரைச் சுட்டி 'ஹிப்போக்ரட்டீஸ் கூறினார்' என்று தொடங்குமுன் எந்த நூலில் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அவர் பெயரில் வழங்கும் ஏறத்தாழ 60 நூல்களுள் எது அவருடையது என்பது இன்னும் தீராத வழக்கு. வெப்பம், குளிர்ச்சி போன்றவற்றை முன்முடிவாக வைத்து நோயை விளக்குவோரை 'பண்டைய மருத்துவம்' என்ற நூல் சாடுகிறது. 'மனிதனின் இயல்பு' என்ற நூலோ அவற்றைக் கொண்டே உடல்நீர்களைப் பருவங்களோடு இணைக்கிறது. இரண்டும் ஒரே தொகுப்பில்தான் இருக்கின்றன.