பழைய எஞ்சினை யாரிடம் கொடுப்பது? மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் லேத் கடை தேடுவோருக்கு ஒரு செய்முறை

வளவுக்குள் தகரக் கொட்டிலில் நிற்கும் ஸ்ரீ எழுத்து நம்பர் தகட்டுப் பழைய மொறிஸ் மைனர் காரையோ, அப்பா காலத்து மெஸி 35 உழவு மெசினையோ திரும்ப ஓட வைக்க ஆசைப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எஞ்சினைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த மெக்கானிக் நம் பக்கத்தில் ஊருக்கு ஊர் இருக்கிறார். தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவதும், பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்கைத் தேய்த்து வட்டமாக்குவதும், சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டின் முகத்தை மட்டமாக வெட்டுவதும் அவருடைய வேலை இல்லை. அது லேத் கடை வேலை. எஞ்சின் இன்னும் இருபது வருடம் ஓடுமா, அடுத்த பெருநாளுக்குள் புகை கக்குமா என்பது பெரும்பாலும் அந்தக் கடையில்தான் முடிவாகிறது.

பிழையாகப் பூட்டியதைக் கழற்றித் திரும்பப் பூட்டலாம். வெட்டிய இரும்பை ஒட்ட முடியாது. அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைக் கடைக்காரர்கள் ஒரு ‘தவ்’ என்பார்கள், அது 0.0254 மில்லிமீற்றர். மொறிஸ் கிராங்கை 10, 20, 30, 40 தவ் தேய்த்தால் அந்தந்த அளவுக்குப் பொருந்தும் பேரிங்குகள் வருகின்றன. அதற்குக் கீழே போனால் அந்தக் கிராங்கின் கதை ஏறக்குறைய முடிந்த மாதிரி. எனவே கடையைத் தெரிவு செய்யும்போது கூலியையும் தூரத்தையும் பிறகு பாருங்கள். அங்கே அளவு எடுக்கும் கை எப்படி என்பதை முதலில் பாருங்கள்.

படி 1: உங்களிடம் இருக்கும் எஞ்சின் எது?

மொறிஸ் மைனர் 1948 முதல் 1971 வரை வந்த கார். ஆரம்பத்தில் 918 சீசீ எஞ்சின். 1952 முதல் 803, 1956இல் 948, 1962இல் 1098 என்று மாறிக்கொண்டே போனது. நம் நாட்டில் இத்தனை வருடத்தில் எத்தனையோ கார்களுக்கு எஞ்சின் மாற்றியிருக்கிறார்கள். ஆகவே காரின் வருடத்தை நம்பாமல் எஞ்சினில் உள்ள நம்பரைப் பாருங்கள். மெஸி 35இலும் இதே சிக்கல் உண்டு: 3 சிலிண்டர் பேர்கின்ஸ் டீசலும் இருக்கிறது, அதற்கு முந்திய 4 சிலிண்டர் டீசலும் இருக்கிறது. ஒன்றின் பாகம் மற்றதற்குப் பொருந்தாது.

அந்த நம்பர் வாகனப் பதிவுப் புத்தகத்தில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். “இந்த புளொக் சரிவராது, வேறொன்று தாறன்” என்று யாராவது சொன்னால் அவசரப்பட்டுத் தலையாட்ட வேண்டாம். புளொக், அதாவது சிலிண்டர்கள் உள்ள எஞ்சின் உடல், மாறினால் நம்பரும் மாறும். அதை மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் திருத்திப் பதிய வேண்டி வரும்.

படி 2: யாரிடம் விசாரிப்பது?

கார் வைத்திருப்பவர்களிடம் மட்டும் கேட்காதீர்கள். கிழக்கில் லேத் கடைகளுக்குச் சோறு போடுவது வேளாண்மை. உழவு மெசின்காரர், நெல் மில் வைத்திருப்பவர், வாழைச்சேனைத் துறைமுகத்தில் படகு எஞ்சின் திருத்துபவர் என்று தொழில் வேறுவேறான மூன்று பேரிடம் கேளுங்கள். “நல்ல கடை எது?” என்று கேட்டால் சொந்தக்காரர் கடையைச் சொல்லிவிடுவார்கள். “நீங்க கடைசியாக் கிராங்க் எங்க குடுத்தீங்க? அதுக்குப் பிறகு எத்தினை போகம் ஓடிச்சு?” என்று கேளுங்கள். மட்டக்களப்பு டவுன், ஏறாவூர், கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று என எந்த ஊராக இருந்தாலும், ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு பேர் வாயில் ஒரே ஆளின் பெயர் வந்தால் அங்கே போகலாம்.

டீசலுக்கு லைனர் (சிலிண்டருக்குள் பொருத்தும் புது இரும்புக் குழாய்) இறக்கிப் பழகிய கடை சின்னப் பெற்றோல் எஞ்சினையும் அதே கவனத்தோடு செய்யும் என்று எண்ணிவிடக் கூடாது. மொறிஸ், ஒஸ்ரின் எஞ்சின் கடைசியாக எப்போது செய்தார்கள் என்று தனியாகக் கேளுங்கள்.

படி 3: முதல் தடவை வெறுங்கையோடு போங்கள்

எஞ்சினை லாண்ட்மாஸ்டர் (இரு சக்கர உழவு மெசின்) பெட்டியில் ஏற்றிக்கொண்டு போனால் இறக்காமல் திரும்ப மனம் வராது. சும்மா போய் நின்று பாருங்கள்.

முதலில் கண் போக வேண்டியது மைக்ரோமீற்றர்கள் மேல். அவை பெட்டியில் இருக்கின்றனவா, இரும்புத் தூளுக்குள் கிடக்கின்றனவா? சிலிண்டருக்குள் இறக்கி அளக்கும் போர் கேஜ் இருக்கிறதா? கிராங்கை வேர்னியர் கலிப்பரால் மட்டும் அளந்து வேலை தொடங்கும் கடைக்கு உங்கள் எஞ்சின் போக வேண்டாம். தவ் கணக்கில் நடக்கும் வேலைக்கு அந்தக் கருவி போதாது. முடிந்த கிராங்குகள் நிறுத்தியோ தொங்கவிட்டோ இருந்தால் நல்ல அடையாளம். நிலத்தில் படுக்க வைத்து மேலே வேறு சாமான் அடுக்கியிருந்தால் யோசியுங்கள்.

பிறகு பேச்சுக் கொடுங்கள். நான் எல்லாரிடமும் கேட்கச் சொல்லும் கேள்வி இது:

“நானா, புளொக்க இப்பவே தந்தா போர் பண்ணி வைப்பீங்களா? பிஸ்டன் பிறகு வரும்.”

“பிஸ்டன் இல்லாம எப்படித் தம்பி? அதக் கொண்டுவாங்க, அளந்து போட்டுத்தான் போர் பண்ணுவம்.”

இப்படிப் பதில் சொல்பவரை விடாதீர்கள். 20 தவ் என்று பெட்டியில் எழுதியிருந்தாலும் கம்பனிக்குக் கம்பனி பிஸ்டனின் உண்மையான அளவும், அது கேட்கும் இடைவெளியும் கொஞ்சம் வேறுபடும். நான்கு பிஸ்டனையும் அளந்து, எது எந்தச் சிலிண்டருக்கு என்று குறித்துவிட்டுக் கடைவதுதான் முறை. “பரவாயில்ல, எல்லாம் ஒரே சைஸ்தான்” என்ற பதில் வந்தால் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் புறப்படுங்கள்.

கிராங்கை அங்கேயே தேய்க்கிறார்களா, வெளியூருக்கு அனுப்புகிறார்களா என்றும் கேளுங்கள். அனுப்புவது குற்றமில்லை. பிழை வந்தால் யார் பொறுப்பு என்பது மட்டும் முன்கூட்டியே தெளிவாக வேண்டும்.

படி 4: வெட்டுவதற்கு முன் அளவு, அதுவும் எழுத்தில்

இந்தப் படியில் அவசரம் கூடாது.

கழற்றும்போதே கிராங்கைப் பிடிக்கும் ஒவ்வொரு பேரிங் தொப்பிக்கும், பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் ஒவ்வொரு கொன்றோட்டுக்கும் அது எந்த இடம், எந்தப் பக்கம் என்று அடையாளம் போட்டுப் போட்டோ எடுங்கள். அவை ஒன்றாகச் சேர்த்துக் கடையப்பட்டவை. மாறிப் பூட்டினால் வட்டம் வட்டமாக இராது.

சிலிண்டரில் அதிகத் தேய்மானம் மேல்பக்கத்தில், பிஸ்டனின் முதல் ரிங் வந்து திரும்பும் இடத்துக்குச் சற்றுக் கீழே. நகத்தால் தடவினால் ஒரு விளிம்பு தட்டுப்படும். ஆகவே மேல், நடு, கீழ் என்று மூன்று மட்டத்திலும், ஒவ்வொன்றிலும் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு தரமும், சிலிண்டருக்கு ஆறு அளவு எடுக்கச் சொல்லுங்கள். 1098இன் புதுச் சிலிண்டர் 64.58 மில்லிமீற்றர், 20 தவ் கூட்டினால் ஏறக்குறைய 65.09. முந்திய சொந்தக்காரர் ஏற்கெனவே 40 அல்லது 60 தவ் வரை போயிருந்தால் லைனர் இறக்கிப் பழைய அளவுக்கே திரும்பலாம். அதைச் செய்யத் தெரிந்த ஆளா என்றும் கேளுங்கள்.

கிராங்குக்கு ஓர் உதாரணம். 948க்கும் 1098க்கும் பிக் என்ட் ஜேர்னல் (கிராங்கில் கொன்றோட் பிடிக்கும் வட்டம்) புதிதில் 1.6254 முதல் 1.6259 அங்குலம். உங்களுடையது ஒரு பக்கம் 1.6245, மறுபக்கம் 1.6230 என்றால் அது முட்டை வடிவாகிவிட்டது. 10 தவ் தேய்த்து 1.6154க்கும் 1.6159க்கும் இடையில் கொண்டுவர வேண்டும். நான்கில் ஒன்றுக்கு மட்டும் 20 தேவைப்பட்டால் நான்கையும் 20 ஆக்குவதே வழக்கம். பேரிங் ஒரே செட்டாக வருவதால் அதுதான் நல்லது. தேய்க்க முன் வெடிப்பு இருக்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். வெடித்த கிராங்கைத் தேய்ப்பது காசை ஆற்றில் போடுவது.

இந்த எண்கள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்கும் கடை அளக்கவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 5: சாமானை வாங்கிக் கையில் கொடுங்கள்

அளவுத்தாள் வந்த பிறகுதான் பிஸ்டன், ரிங், பேரிங். பழைய கார் சாமானுக்குக் கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடுவதே பலருக்கும் வழி. போகும்போது பழைய பிஸ்டன் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். பெயரைச் சொல்லி வாங்குவதைவிடப் பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்குவது பாதுகாப்பு.

படி 6: ஹெட்டை மறக்க வேண்டாம்

2002இல் இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டது. பழைய இரும்பு ஹெட்டுகள் அந்த ஈயத்தை நம்பிச் செய்யப்பட்டவை. அது புகையை வெளிவிடும் எக்சோஸ்ட் வால்வுக்கும் அந்த வால்வ் அமரும் சீட்டுக்கும் நடுவே ஒரு காப்பாக இருந்தது. இப்போது அது இல்லாததால் சீட் மெல்ல உள்ளே இறங்கும், வால்வைத் தள்ளும் டப்பெற்றின் இடைவெளி குறைந்துகொண்டே போகும். ஹெட் எப்படியும் கடைக்குப் போகிறது. அதோடு எக்சோஸ்ட் பக்கம் கடினமான சீட் பதித்துவிடுங்கள். வால்வ் ஏறி இறங்கும் கைடையும் பார்க்கட்டும். முகம் வெட்டுவது மட்டமாகும் அளவுக்கு மட்டும், அதிகம் வேண்டாம்.

படி 7: நாள் பார்த்துக் கொடுங்கள்

பெரும்போக உழவுக்கு முன், செப்டெம்பர் ஒக்டோபரில், எந்தக் கடையிலும் மெசின் வரிசைதான். மாசி, பங்குனி அறுவடையிலும் அப்படித்தான். விவசாயியின் மெசின் முன்னுக்குப் போவதுதான் நியாயம். நம்முடையது ஆசை, அவருடையது வயிறு. விதைப்பு முடிந்து அறுவடைக்கு முந்திய இடைவெளியில் கொடுத்தால் கடைக்காரருக்கும் நிதானமாகப் பார்க்க நேரம் இருக்கும்.

படி 8: எடுக்கும் நாளில்

நீங்கள் நிற்கும்போதே திரும்ப அளந்து காட்டச் சொல்லி, முதல் தாளுக்குப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். சிலிண்டர்ச் சுவரில் ஹோன் கல்லால் தேய்த்த குறுக்குக் கோடுகள் சீராகத் தெரிய வேண்டும். கண்ணாடி மாதிரிப் பளபளப்பு கூடாது, ரிங் படியாது. ஒரு ரிங்கைச் சிலிண்டருக்குள் நேராகத் தள்ளி அதன் இரு முனைகளுக்கும் நடுவே உள்ள வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) பாருங்கள். மொறிசுக்கு 7 முதல் 12 தவ். கிராங்கின் ஒயில் துளைகளின் விளிம்பு கூராக நிற்கக் கூடாது.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் சிலிண்டரைச் சவர்க்காரத் தண்ணீரும் பிரஷும் கொண்டு, வெள்ளைத் துணியால் துடைத்தால் கறுப்பு ஒட்டாத வரை தேய்த்துக் கழுவுங்கள். ஹோன் கல்லின் தூளைப் பெற்றோல் முழுவதும் எடுக்காது. ஒயில் வழிகளின் பிளக்கைக் கழற்றி உள்ளேயும் பிரஷ் விடுங்கள். கழுவிய கையோடு உலர்த்தி ஒயில் பூசிப் பொலித்தீனில் சுற்றுங்கள். வாவிக் காற்றும் கடல் காற்றும் படும் நம் ஊரில் புதிதாகக் கடைந்த இரும்பு ஒரே இரவில் துருப்பிடிக்கும்.