யாருக்கு முதலில் சொல்வது, யாருக்குப் பொறுத்துச் சொல்வது

வடசென்னையில் ஒரு வீட்டில் சாவு என்றால் அரை மணி நேரத்தில் தெருவுக்கே தெரிந்துவிடும். ஃப்ரீசர் பாக்ஸ் இறங்கும்போதே பந்தல்காரர் வந்து நிற்பார். ஆபீஸ்களுக்குச் சொல்வதில்தான் குழப்பம். சிலதை ரொம்பத் தாமதமாகச் சொல்கிறார்கள், சிலதை அவசரப்பட்டுச் சொல்கிறார்கள். இரண்டுக்கும் பிறகு அலைய வேண்டியிருக்கும்.

உறவுக்காரர்களுக்கு அனுப்பும் வாட்ஸ்அப் செய்தியில் 'இன்று மாலை 4 மணிக்கு எடுக்கிறோம்' என்று மட்டும் போடாதீர்கள். மறுநாள் அதே செய்தி இன்னொரு குரூப்பில் சுற்றும்போது எந்த 'இன்று' என்று யாருக்கும் புரியாது. தேதி, கிழமை, கதவு எண் பழையதும் புதியதும், பக்கத்தில் இருக்கும் கோயிலோ பள்ளியோ, விவரம் கேட்க ஒரே ஒருவருடைய நம்பர், இவை போதும். எந்தச் சுடுகாடு என்பதை விட்டுவிட்டால் பாதி ஜனம் காசிமேட்டிலும் பாதி மூலக்கொத்தளத்திலும் நிற்கும். அஞ்சலிப் படத்தில் பிறந்த தேதியைப் போட வேண்டாம். பெயரும் பிறந்த தேதியும் கிடைத்தால், 'இன்சூரன்ஸ் பணம் வந்திருக்கு, ஓடிபி சொல்லுங்க' என்று பேசுகிறவனுக்கு வேலை சுலபம்.

அரசு மருத்துவமனையில் இறந்திருந்தால் உடலைக் கொண்டுவர இலவச அமரர் ஊர்தி இருக்கிறது. எண் 155377. வாசலில் தனியார் வண்டிக்குப் பேரம் பேசும் முன் இதைக் கூப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்து இறப்புப் பதிவு. பெரும்பாலான வீடுகளில் 'கருமாதி முடியட்டும்' என்கிறார்கள். காரியம் 16ஆம் நாள். சட்டப்படி கட்டணமில்லாமல் பதிவு செய்யக் கெடு 21 நாள். ஆக, கையில் மிஞ்சுவது ஐந்தே நாள், அதில் ஒரு ஞாயிறும் வரலாம். நாற்பதாம் நாள் பாத்திஹா வரை பொறுக்கிற வீடுகளில் கெடுவே தாண்டிவிடும். 30 நாள் வரை தாமதக் கட்டணத்தோடு முடியும், அதற்குமேல் ஒரு வருடம் வரை எழுத்துமூல அனுமதி வேண்டும், ஒரு வருடமும் போய்விட்டால் கோட்டாட்சியர் உத்தரவு வரை போக வேண்டும்.

எங்கே இறந்தாரோ அங்கேதான் பதிவு. எண்ணூர்க்காரர் ஸ்டான்லி மருத்துவமனையில் இறந்தால் திருவொற்றியூர் மண்டல அலுவலகத்தில் வரிசையில் நின்று பலனில்லை. மருத்துவமனையே தகவல் அனுப்பிவிடும், பதிவும் மருத்துவமனை இருக்கும் எல்லையில்தான் இருக்கும். வீட்டில் இறந்தால் சொல்லும் பொறுப்பு குடும்பத்துக்கு. கடைசியாக வைத்தியம் பார்த்த டாக்டரிடம் இறப்புக்கான காரணத்தை எழுதி வாங்கிய பிறகே சுடுகாட்டுக்குக் கிளம்புங்கள்.

இந்த இடத்தில் நடக்கும் ஒரு சின்னத் தவறு மாதக்கணக்கில் இழுக்கும். வீட்டு ஆட்கள் அழுதுகொண்டிருக்க, படிவம் எழுதப் போவது பக்கத்து வீட்டுப் பையன். பெயர் கேட்டால் தெருவில் கூப்பிடும் பெயரைச் சொல்லிவிடுவான். ஆதாரில் 'மு. கன்னியம்மாள்', சான்றிதழில் 'கன்னிமா'. வங்கியில் 'இவர் வேறு ஆள்' என்பார்கள். திருத்தலாம், ஆனால் அதற்குத் தனியாக மனு, ஆதாரம், நடை. அதனால் படிவம் எழுதப் போகிறவர் சட்டைப் பையில் ஆதார் ஜெராக்ஸை வைத்து அனுப்புங்கள். பெயர், இனிஷியல், தந்தை அல்லது கணவர் பெயர், முகவரி நான்கையும் எழுத்துக்கு எழுத்து அதைப் பார்த்தே எழுதட்டும். பதிவானதும் மாநகராட்சி இணையதளத்தில் சான்றிதழை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். புரோக்கருக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை.

இனி, பொறுத்துச் சொல்ல வேண்டியவை. முதலாவது செல்போன். 'இனி யார் பேசப் போகிறார்கள்' என்று சிம்மை ஒப்படைத்துவிடுகிறார்கள், அல்லது ரீசார்ஜ் செய்யாமல் விட்டு மூன்று மாதத்தில் நம்பர் போய்விடுகிறது. எந்த வங்கியில் கணக்கு, எந்தக் கம்பெனியில் தவணை, எந்த பாலிசிக்குப் பிரீமியம் என்று சொல்லப்போவது அந்த நம்பருக்கு வரும் குறுஞ்செய்திகள்தான். மலிவான ரீசார்ஜ் போட்டு, எல்லா வேலையும் முடியும் வரை உயிரோடு வைத்திருங்கள். அதே போனில் ஜிபே திறந்து பணத்தை மாற்றுவதும், ஏடிஎம் கார்டில் எடுப்பதும் வேறு விஷயம். இறந்த தேதிக்குப் பிறகு போன ஒவ்வொரு ரூபாயும் ஸ்டேட்மென்டில் தெரியும். வாரிசுகளில் ஒருவர் புகார் கொடுத்தால் பதில் சொல்ல முடியாது. ஓய்வூதியம் வருகிற கணக்கானால் இறந்த பிறகு ஏறிய தொகையைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். அதனால் ஓய்வூதிய அலுவலகத்துக்கு மட்டும் தாமதிக்காமல் சொல்லிவிடுங்கள். குடும்ப ஓய்வூதியமும் அப்போதுதான் நகரும்.

ரேஷன் கார்டில் பெயர் நீக்குவதும் அவசரமில்லை. வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும்போது குடும்பத்தில் யார் யார் என்று காட்டுவதே அந்தக் கார்டுதான். நீக்கும் முன் இரண்டு பக்கமும் ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். இ-சேவையில் விண்ணப்பம் போட்டதும் வருவாய்த் துறையினர் அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள். கட்டிக்கொடுத்த மகளை விட்டுவிட்டு எழுதுவது வழக்கமான தவறு. இறந்தவர் இந்து ஆண் என்றால் அவருடைய அம்மாவும் மனைவி, பிள்ளைகளோடு சம வாரிசு. ஊரில் இருக்கும் பாட்டியை மறந்துவிடுகிறார்கள்.

வங்கிக்குப் போகுமுன் பாஸ்புக்கை ஒரு வருடத்துக்குப் பின்னோக்கிப் புரட்டுங்கள். மே, ஜூன் வாக்கில் 436 ரூபாய் கழிந்திருந்தால் அது பிரதமர் ஜீவன் ஜோதி பீமா என்ற ஆயுள் காப்பீடு. எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம். 20 ரூபாய் கழிந்திருந்தால் சுரக்ஷா பீமா என்ற விபத்துக் காப்பீடு, விபத்துச் சாவுக்கு 2 லட்சம். விபத்தென்றால் எஃப்ஐஆர் நகலும் போஸ்ட்மார்ட்டம் அறிக்கையும் வேண்டும். வங்கி தானாக நினைவூட்டும் என்று இருக்காதீர்கள், நாமினிதான் கேட்க வேண்டும். கணக்குப் பணத்துக்கு நாமினி இருந்தால் வங்கி அவரிடம் கொடுத்துவிடும். அதற்காக அது முழுக்க அவருடையதாகிவிடாது. மற்ற வாரிசுகளின் பங்குக்கு அவர் கணக்குச் சொல்ல வேண்டும்.

கடன் கொடுத்தவர்களிடம் மறைப்பது இன்னொரு பழக்கம். மகளிர் குழுக்கடன் எடுத்த அம்மா இறந்தால், மானம் போகக்கூடாது என்று பிள்ளைகள் வாரத் தவணையைக் கட்டிக்கொண்டே வருவார்கள். பல குழுக்கடனிலும் வீட்டுக் கடனிலும் ஆரம்பத்திலேயே இன்சூரன்ஸ் பிடித்திருப்பார்கள், கடன் அட்டையில் எழுதியிருக்கும். அட்டையைப் பார்த்து, சான்றிதழ் நகலோடு எழுத்தில் சொல்லி, கையொப்பமிட்ட ரசீது வாங்குங்கள். கட்டுமானம், ஆட்டோ, மீனவர் நலவாரிய அட்டை இருந்தால் அங்கேயும் இறப்பு உதவிக்கு மனு உண்டு. வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்பென்றால் ஒதுக்கீட்டு ஆணையில் பெயர் மாற்ற வாரிசுச் சான்றிதழ் வந்ததும் எழுதிக் கொடுங்கள்.

கரண்ட் பில், மெட்ரோ வாட்டர், சொத்து வரி, கேஸ் எல்லாம் கடைசியில். பெயர் பழையதாகவே இருக்கட்டும், பில்லை மட்டும் கட்டி வாருங்கள். அதற்கிடையில் புடவை மடிப்பு, அரிசி டப்பா, சாமி படத்துக்குப் பின்புறம் ஒருமுறை பாருங்கள். அடகுச் சீட்டு அங்கேதான் இருக்கும்.