ஓப்பன் ஹவுஸ் மட்டன் மிஞ்சினா அண்டாலயே விடாதீங்க

மலேசியாவுல பினாங்குல தீபாவளி ஓப்பன் ஹவுஸ்னா, அதாவது வீட்டத் தொறந்து வெச்சு வர்றவங்களுக்கெல்லாம் விருந்து போடுறதுனா, மட்டன் அண்டா கணக்குல வெப்பாங்க, மிஞ்சினத மூடி போட்டு அடுப்பு மேலயே விட்டுட்டு "காலைல ஒரு கொதி விட்டா போதும்லா"னு தூங்கப் போயிடுவாங்க. அந்த கொதி கறிக்கு ஓரளவு உதவும், சோத்துக்கு உதவவே உதவாது.

கறில வர்ற ஆளு க்ளோஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ்ங்குற பாக்டீரியா. அதோட ஸ்போர் (கெட்டி ஓடு போட்டுத் தூங்குற வித்து மாதிரி) கொதிச்சாலும் தப்பிச்சிடும், அண்டா மெதுவா ஆறி 45 டிகிரி கிட்ட வர்றப்ப முளைச்சு பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா ரெண்டு மடங்காகும், அண்டா நடுவுல இருக்குற கறி மணிக்கணக்கா அந்த சூட்டுலயே கெடக்கும். நம்ம அத உயிரோட முழுங்குறோம், குடலுக்குள்ள போய் திரும்ப ஸ்போர் ஆகுறப்பதான் டாக்சின, அதாவது விஷத்த, விடுது. அந்த டாக்சின் குடல் செல்லு மேல இருக்குற க்ளாடின்ங்குற புரோட்டீன புடிச்சுக்கிட்டு, ஆறு ஆறா சேந்து சவ்வுல ஓட்டை போடும், கால்சியம் உள்ள பாயும், செல்லு செத்துடும். 6-லேர்ந்து 24 மணி நேரத்துக்குள்ள வயித்த முறுக்கும், பேதி புடுங்கும், வாந்தி அவ்வளவா இருக்காது.

 

கெஸ்ட் கெளம்பின உடனே கறிய அகலமான ட்ரேல ரெண்டு விரல் ஒயரத்துக்கு மட்டும் பிரிச்சு ஊத்துங்க, சிங்க்ல தண்ணியும் ஐஸும் நெரப்பி ட்ரேய உக்கார வெச்சு கிளறிக்கிட்டே இருங்க, நம்ம ஊரு வெக்கைல ஃபேன் காத்து பத்தாது. 2 மணி நேரத்துல 21 டிகிரிக்கு எறங்கணும், அடுத்த 4 மணி நேரத்துல 5 டிகிரிக்கு வரணும். மறுநாள் சூடு பண்றப்ப ஓரத்துல கொப்புளிக்குதேனு நிறுத்தாதீங்க, நடுவுல 75 டிகிரி வரணும். தாப்பாவ் (பார்சல்) கட்டிக் குடுத்தா நேரா வீட்டுக்குப் போகச் சொல்லுங்க, கார்ல வெச்சுக்கிட்டு இன்னும் மூணு வீடு சுத்துனா அவ்வளவுதான்.

சோத்துல வர்றது பேசில்லஸ் சீரியஸ்னு இன்னொரு பாக்டீரியா, அது சோத்துலயே செரியுலைடுனு ஒரு டாக்சின் செஞ்சு வெச்சிடும். இது ஓட்டை போடுற ரகம் இல்ல, பொட்டாசியத்த கடத்தி செல்லுக்கு சக்தி குடுக்குற மைட்டோகாண்ட்ரியாவ கெடுக்கும். 121 டிகிரில 90 நிமிஷம் வெச்சாலும் அழியாது, நாசி கோரேங் (வறுத்த சோறு) பண்ற வாணலி என்னத்த பண்ணும்? அரை மணிலேர்ந்து 6 மணிக்குள்ள வாந்திதான். அதனால ராத்திரி முழுக்க வெளில கெடந்த சோறோ கறியோ, பாட்டி திட்டினாலும் பரவால்ல, குப்பைல கொட்டுங்க.