குளிர்காலத்தில் மாட்சுமோட்டோ கோட்டை: ஜோடியாகப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டோக்கியோவிலிருந்து காலையில் கிளம்பி இரவு திரும்பிவிடக்கூடிய பழைய கோட்டைகளில், குளிர்காலத்துக்கு மாட்சுமோட்டோவைத்தான் முதலில் சொல்லலாம். 1590களில் கட்டிய மரக் கோபுரம் இன்றும் அப்படியே நிற்கிறது. சுற்றிலும் அகழி, மேற்கே ஜப்பானின் பனி மூடிய வட ஆல்ப்ஸ் மலைகள். ஊர் இருக்கும் நாகானோ மாகாணத்தின் வடபகுதியைப் போல இங்கே பனி ஆள் உயரத்துக்குக் குவியாது. வானமும் பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும். ஆனால் ஊர் கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 590 மீட்டர் மேலே இருக்கிறது. ஜனவரி அதிகாலையில் மைனஸ் 5 டிகிரி சர்வசாதாரணம். வருகிறவர்கள் இந்த வெளிக்குளிருக்குத் தயாராகத்தான் வருகிறார்கள். கோபுரத்துக்குள் இருக்கும் குளிரைத்தான் யாரும் கணக்கில் வைப்பதில்லை.

பெரிய தவறு காலில்

வாசலிலேயே ஷூவைக் கழற்றி, கொடுக்கும் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கையோடு எடுத்துப்போக வேண்டும். உள்ளே ஹீட்டர் கிடையாது. அம்பு எய்யவும் துப்பாக்கி சுடவும் விட்ட துளைகள் வழியாகக் காற்று வந்துகொண்டே இருக்கும். பல தலைமுறைக் கால்கள் தேய்த்து வழவழப்பாக்கிய பலகைத் தரை ஐஸ் போலச் சில்லிடும். மெல்லிய பருத்தி சாக்ஸோடு போனால் பத்து நிமிடத்தில் விரல் மரத்துவிடும். அதற்குப் பிறகு எதையும் நின்று பார்க்கத் தோன்றாது.

தடிமனான கம்பளி சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள், அடியில் ரப்பர் புள்ளி வைத்ததாக இருந்தால் இன்னும் நல்லது. வெறும் கம்பளி இந்தப் பலகையில் வழுக்கும். வரும் வழியில் பனியில் நனைந்துவிட்டால் மாற்ற இன்னொரு ஜோடி பையில் இருக்கட்டும். மருந்துக்கடையில் விற்கும் ‘கைரோ’ சூட்டுப்பட்டை வாங்கினால் வகையைப் பார்த்து வாங்குங்கள். ஷூவுக்கென்றே செய்தது காற்று குறைந்த இடத்தில் சூடாகும்படி அமைந்தது. ஷூவைக் கழற்றிய பிறகு அது அளவுக்கு மீறிச் சுடலாம். எந்த வகையானாலும் தோலில் நேரடியாக ஒட்டக் கூடாது. மெதுவாகச் சுட்டே கொப்புளம் போட்டுவிடும். நீளக் கயிறு கட்டும் பூட்ஸையும் தவிருங்கள், பின்னால் வரிசை காத்திருக்கும்.

படிக்கட்டு

வெளியே ஐந்து அடுக்காகத் தெரியும் கோபுரத்துக்குள் ஆறு தளங்கள் இருக்கின்றன. மூன்றாம் தளத்துக்கு ஜன்னல் இல்லாததால் வெளியிலிருந்து அது கண்ணில் படாது. ஏறும் படிகளில் மிகச் செங்குத்தானது 61 டிகிரி சாய்வு, படிக்குப் படி ஏறக்குறைய 40 செ.மீ. உயரம். கிட்டத்தட்ட ஏணிதான். ஒரு கையில் ஷூப் பை, மறுகையில் கைபேசி, தோளில் முதுகுப்பை என்று ஏறுவதுதான் இங்கே வழக்கமாக நடக்கும் தப்பு. ஷூப் பையை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு, கையுறையைக் கழற்றிவிட்டு, இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடியுங்கள். பெரிய பையை ஸ்டேஷன் லாக்கரிலேயே விட்டுவிடலாம். ஒருவர் முழுதாக ஏறிய பிறகே அடுத்தவர் காலை வைக்க வேண்டும். கைகோத்து இறங்குவதெல்லாம் இங்கே நடக்காது. இறங்கும்போது படியைப் பார்த்தபடி பின்பக்கமாக இறங்குவது பாதுகாப்பு. தலைக்கு மேலே உத்திரமும் தாழ்வு.

ஜோடியாகப் படம் எடுக்க கிமோனோ வாடகைக்கு எடுக்கிறவர்கள் அதை வெளியே சுற்றுவதோடு வைத்துக்கொள்ளட்டும். அந்த உடையில் அரையடிதான் எட்டி வைக்க முடியும், இந்தப் படிக்கு அது ஆகாது. கோபுரத்துக்குள் கழிப்பறையும் இல்லை.

நேரமும் டிக்கெட்டும்

டிசம்பர் 29 முதல் 31 வரை கோட்டை மூடியிருக்கும். புத்தாண்டு விடுமுறையில் வருகிறவர்கள் சரியாக இந்த மூன்று நாளில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். மற்ற நாட்களில் காலை 8.30 முதல் மாலை 5 வரை, 4.30க்கு மேல் உள்ளே விடமாட்டார்கள். நேரம் குறித்த மின்சீட்டு முன்கூட்டியே எடுத்தால் ஆளுக்கு 1,200 யென், கவுன்டரில் 1,300.

டோக்கியோவின் ஷின்ஜுகு ஸ்டேஷனிலிருந்து ‘அசுசா’ விரைவு ரயில் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். இந்த ரயிலில் முன்பதிவில்லாத பெட்டியே கிடையாது. இருக்கை எண் இல்லாத டிக்கெட்டும் உண்டு, அப்போது இருக்கைக்கு மேலே உள்ள விளக்கைப் பார்க்க வேண்டும்: சிவப்பு என்றால் காலி, மஞ்சள் என்றால் சீக்கிரம் ஆள் வரும், பச்சை என்றால் விற்றாகிவிட்டது. நம் பழக்கத்துக்கு நேர்மாறு! பச்சையைப் பார்த்து உட்கார்ந்தால் எழுப்பிவிடுவார்கள். வெளிநாட்டுப் பயணிகளுக்கான ‘டோக்கியோ வைட் பாஸ்’ ரயில் பாஸ் மாட்சுமோட்டோ வரை செல்லாது என்பதையும் கவனியுங்கள். பஸ் மலிவுதான், ஆனால் பனி கொட்டினால் நெடுஞ்சாலை முடங்கும். ஒருநாள் பயணத்துக்கு அந்த ஆபத்து வேண்டாம்.

ஸ்டேஷனிலிருந்து கோட்டைக்கு 15 முதல் 20 நிமிட நடை. போனதும் முதலில் உள்ளே ஏறிவிடுங்கள். அகழியோரம் ஒரு மணி நேரம் படமெடுத்துவிட்டு, விறைத்த காலோடு படியேறுவது வீண் சிரமம். வெளிச்சமும் இந்த வரிசைக்குத்தான் ஒத்துவரும். முற்பகலில் உள்தோட்டத்திலிருந்து பார்த்தால் கோபுரத்தின் மேல் வெயில் விழும். சிவப்புப் பாலத்தோடு எடுக்கும் பிரபலமான படம் மேற்குக் கரையிலிருந்து எடுப்பது; காலையில் அங்கே வெயில் எதிரே இருக்கும், பிற்பகலில்தான் சரியாக வரும். டிசம்பர் கடைசியில் 4.40 வாக்கிலேயே பொழுது சாயும், அதற்கும் முன்னதாகவே சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும். ஆகவே மூன்று மணிக்குள் அங்கே இருங்கள். சுவர்ப்பலகை கறுப்பு அரக்குப் பூச்சு. பனி நிறைந்த படத்தில் கேமரா எல்லாவற்றையும் இருட்டாக்கிப் பலகையின் வரிகளை விழுங்கிவிடும்; எக்ஸ்போஷரை ஒரு படி ஏற்றுங்கள். கோபுரமே படத்தை நிறைத்தால் இதற்கு நேரெதிராகக் கொஞ்சம் இறக்குங்கள்.

சாப்பாட்டைத் தள்ளிப்போடாதீர்கள். இங்கே பக்வீட் மாவில் செய்யும் ‘சோபா’ நூடுல்ஸ்தான் விசேஷம், ஆனால் பல கடைகள் நூடுல்ஸ் தீர்ந்ததும் அடைத்துவிடும். சைவம் சாப்பிடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நூடுல்ஸ் சைவம்தான், தொட்டுக்கொள்ளும் சாறு பெரும்பாலும் கட்சுவோ மீன் சேர்த்துக் காய்ச்சியது.

கடைசியாக, குளிர் தாங்காமல் வெளியே ஓடுகிறவர்கள் தவறவிடும் ஓரிடம். வழி முடியும் முன் ‘நிலா பார்க்கும் மாடம்’ வரும். கோபுரம் கட்டி நாற்பது ஆண்டு கழித்து, 1630களில், போர் ஓய்ந்த பிறகு சேர்த்தது. மூன்று பக்கமும் திறப்பு, சிவப்புக் கைப்பிடி, துப்பாக்கித் துளை ஒன்றுகூடக் கிடையாது. இவ்வளவு நேரம் நீங்கள் ஏறி இறங்கிய இருட்டுத் தளங்கள் எதற்காகக் கட்டியவை என்பது இங்கே வந்து நின்றால்தான் உறைக்கும். கால் மரத்துப்போகாமல் காப்பாற்றிக்கொள்ளச் சொன்னது இதற்காகவும்தான்.